நரை விழுந்தால் லாபம்!

பி.காம். படித்தவனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மாதக் கடைசியில் நாலு பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துத்தான் என் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறேன். அந்த நாலு பேரில் ஒருவர் குத்தம்பாக்கத்துக்காரர். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டில் திருமழிசையைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். கல்யாணங்களுக்கு சாரட் வண்டியும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரையும் வாடகைக்கு விடுகிறவர். மொத்தச் சொத்து ஒரு வெள்ளைக் குதிரை, ஒரு பழுப்புப் பெட்டை, ஒரு சாரட். மூன்றுக்கும் தேய்மானக் கணக்கு நான்தான் போடுகிறேன்.

போன சித்திரையில் போனபோது லாயத்தில் ஒரே கூச்சல். பழுப்புப் பெட்டை குட்டி போட்டிருந்தது. அப்பா, அந்தியூர் சந்தையில் வாங்கிய வெள்ளைக் குதிரை. குட்டியோ பில்டர் காபி டிகாக்‌ஷன் நிறம்.

"இன்னா சார் இது? வெள்ளைக்குப் பொறந்தது வெள்ளையா இருக்க வாணாம்? பதினோரு மாசம் கொள்ளு போட்டேன் சார்! இந்தப் பய தூங்குற நேரமாப் பாத்து எதுவோ ஒரு பொறம்போக்குக் குதிரை உள்ள வந்துகீது."

'இந்தப் பய' என்பது லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன். இருபது வயசிருக்கும். அழவில்லை. குட்டியின் கழுத்தைத் தடவியபடி, "சத்தியமா இல்லண்ணா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவன் கணக்கை முடிச்சிடு சார். தாயையும் குட்டியையும் ஆடியில அந்தியூர்லயே தள்ளிடறேன். கல்யாணத்துல வெள்ளைக்குத்தான் மவுசு. காபி கலர்ல எந்த மாப்பிள்ளை ஏறுவான்?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம் சொந்தக் கதை. என் அம்மா எலுமிச்சை நிறம். நான் ஏறக்குறைய அந்தக் குட்டியின் நிறம். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்டா" என்று சித்திகள் சொல்லிச் சொல்லியே, எட்டு வயசு வரைக்கும் நிஜ அம்மா எங்கேயோ தவிட்டு மூட்டையோடு காத்திருக்கிறாள் என்று நம்பியவன் நான்.

"ரெண்டு நாள் டயம் குடுங்கண்ணே" என்றேன்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தால் எதையும் புரிகிற மாதிரி சொல்வான். சொன்னான். கேட்கக் கேட்க, இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே என்று தோன்றிவிட்டது. அசல் டபுள் என்ட்ரி!

ஒவ்வொரு ஜீனிலும் குதிரையிடம் இரண்டு சீட்டு. ஒன்று அப்பா தந்தது, இன்னொன்று அம்மா தந்தது. அதுவே குட்டி போடும்போது, இரண்டில் ஒன்றைத்தான் குட்டிக்குத் தரும். எது என்பது குலுக்கல்.

முதல் பேரேடு: கறுப்பா, சிவப்பா? கறுப்புச் சீட்டு ஒன்று இருந்தால் போதும், உடம்பில் கறுப்பு எங்காவது வந்துவிடும். இரண்டுமே சிவப்பு என்றால்தான் செஸ்ட்நட் என்று ரேஸ்காரர்கள் சொல்லும் செந்நிறக் குதிரை. இந்த ஜீனை ஸ்வீடன்காரர்கள் 1996-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது பேரேடு, அந்தக் கறுப்பை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறது. பிடரி, வால், கால் என்று ஓரங்களுக்கு ஒதுக்கிவிட்டால் 'பே' என்கிற பழுப்புக் குதிரை. ஒதுக்காவிட்டால் முழுக் கறுப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிவப்புச் சீட்டு பாலன்ஸ் ஷீட்டில் காட்டாத கடன் மாதிரி. தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் பழுப்பு. ஆனால் இரண்டிடமும் ஆளுக்கொரு சிவப்பு ஒளிந்திருந்தால், நாலில் ஒரு பங்கு செந்நிறக் குட்டிக்கு வாய்ப்பு. மாறாக, இரண்டு செஸ்ட்நட் ரேஸ் குதிரைகளுக்குச் செஸ்ட்நட்தான் பிறக்கும். கொடுக்க வேறு சீட்டு கையில் கிடையாதே!

இதை முதலில் பிடித்தது எதை வைத்து தெரியுமா? நம்ம ஆயுதம்தான், பழைய ரிஜிஸ்தர்! இங்கிலாந்தில் ஹர்ஸ்ட் என்பவர் ரேஸ் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேட்டைப் புரட்டி, மெண்டலின் விதி குதிரைக்கும் பொருந்தும் என்று 1905 டிசம்பரில் ராயல் சொசைட்டியில் படித்தார். வெல்டன் என்ற பேராசிரியர் விடவில்லை. "இரண்டு செஸ்ட்நட்டுக்குப் பழுப்புக் குட்டி பிறந்ததாக இதே ரிஜிஸ்தரில் பதிவு இருக்கிறதே?" என்று மல்லுக்கு நின்றார். மாசக்கணக்கில் அதே வால்யூம்களில் மூழ்கிக் கிடந்தவர், 1906 ஏப்ரலில் நிமோனியாவில் போய்விட்டார். வயசு 46. கடைசியில் விதி நின்றது. விதிவிலக்குகள் பெரும்பாலும் எழுதினவரின் பிழை. ஆடிட் செய்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இன்றைக்கு ரேஸ் குதிரைகளுக்கு அப்பா யார் என்பதை டி.என்.ஏ. பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

சரி, நம்ம வெள்ளைக் குதிரைக்கு வருவோம். "அது வெள்ளையே இல்லடா" என்றான் நண்பன். "நரைச்ச குதிரை!"

நுக்ரா என்கிறார்களே, அது பிறக்கும்போதே வெள்ளை; தோலும் ரோஸ். ஆனால் வெள்ளை முடிக்கு அடியில் கறுப்புத் தோல் இருந்தால், அது 'கிரே'. பிறக்கும்போது கறுப்போ, பழுப்போ, செந்நிறமோ, ஏதோ ஒன்று. நரைக்கும் சீட்டு ஒன்றே ஒன்று இருந்தாலும் வருஷா வருஷம் நரைத்து, ஆறு எட்டு வயசில் வெளுத்துவிடும். வியன்னாவில் ஆட்டம் காட்டும் புகழ்பெற்ற லிப்பிஸானர் குதிரைகளும் குட்டியில் கறுப்பும் பழுப்பும்தான். இந்த நரைக்குக் காரணமான ஜீன் கோளாறு 2008-ல் பிடிபட்டது. உலகத்துக் கிரே குதிரைகள் எல்லாமே, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய ஒரே மூதாதையின் வாரிசுகளாம். இனாமாக ஒரு வினையும் உண்டு: வயசான கிரே குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கட்டிகள் வருகின்றன.

முக்கியமான பாயிண்ட் இனிமேல்தான். நரைக்கும் சீட்டு ஒளியத் தெரியாதது. பெற்றோரில் ஒன்றாவது கிரே என்றால்தான் குட்டி நரைக்கும்.

மறுநாளே குத்தம்பாக்கம் போனேன். பையன் வெள்ளைக் குதிரையின் உதட்டைத் தூக்கிக் காட்டினான். மூக்கு, உதடு, வாலுக்கு அடியில் எல்லாம் அட்டக் கறுப்பு. சந்தேகமே இல்லை, கிரே. பெட்டைக்குப் பத்து வயசு, ஒரு நரை கிடையாது.

"அண்ணே, குட்டி நரைக்க ஆரம்பிச்சா அப்பன் இவன்தான். உங்க லாயத்துல வேற கிரே ஏது? முதல்ல கண்ணைச் சுத்தி வெள்ளை முடி வரும். கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும்."

"நரைக்கலன்னா?"

"அப்பவும் பையன் மேல பழி போட முடியாது. இவன்கிட்ட நரைக்கும் சீட்டு ஒண்ணுதான்னா, குட்டிக்கு வர பாதிக்குப் பாதிதான் சான்ஸ். காசு சுண்டுற மாதிரி. பூ விழலன்னா சுண்டினவனைத் திட்டுவீங்களா?"

குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமா, திறமையா என்ற நம்ம கிண்டி வழக்கில், திறமைதான் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. குட்டி நிற வழக்கில் தீர்ப்பு: இரண்டும். சில ஜோடிக்கு அடித்துச் சொல்லலாம். சிலதுக்குச் சதவிகிதம் மட்டும்தான். நாலு காலும் முகமும் வெள்ளையான பஞ்சகல்யாணியை ஆர்டர் கொடுத்து வாங்க முடியாது. க்ளோனிங்கில் பிறந்த, ஒரே ஜீன் கொண்ட குதிரைகளுக்கே வெள்ளைத் திட்டு அச்சாக ஒரே மாதிரி வருவதில்லை.

குதிரைக்கே இப்படி என்றால் மனுஷனுக்கு? நம் தோல் நிறத்தில் ஏகப்பட்ட ஜீன்கள் கை வைக்கின்றன. குங்குமப்பூ வாங்கின காசு கடைக்காரருக்கு லாபம், அவ்வளவுதான். "யார் ஜாடை இது?" என்று தொட்டிலை எட்டிப் பார்த்து இழுக்கிறவர்கள், ஒரு பெண்ணின் நிம்மதியைக் கெடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அண்ணன் தாடையைச் சொறிந்தார். "சரி, ஆடி வரைக்கும் பாக்கலாம். பயலும் இருக்கட்டும்."

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லாத மாசம், கணக்கு எழுதவும் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி முன்னால் நின்று காதோர நரையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பையன்தான். மூச்சு வாங்கினான்.

"சார்! குட்டிக்குக் கண்ணைச் சுத்தி நரை விழுந்துகீது சார்! அண்ணன் அந்தியூர் வண்டியைக் கேன்சல் பண்ணிட்டாரு!"

நரை விழுந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குரலை நான் கேட்டதே இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.