காது கேளாத, கண் தெரியாத பிள்ளைக்கும் பாடசாலை உண்டு

அலவத்துகொடைக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் திரும்பி வரும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது கூரையையும் தண்ணீரையும் பற்றித்தான். அடுத்து பிள்ளைகளின் பாடசாலை. ஆனால், காது கேளாத அல்லது கண் தெரியாத பிள்ளை உள்ள வீடுகளில் அந்தப் பிள்ளையின் படிப்பு மட்டும் "வீடு வாசல் சரியாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போகிறது. முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

ஏன் காத்திருக்கக் கூடாது?

காது கேட்கும் பிள்ளைக்கு யாரும் மொழி கற்பிப்பதில்லை. அடுப்படியிலும் பஸ்ஸிலும் முகாமிலும் காதில் விழுவதைக் கொண்டே அது பேசப் பழகிவிடும். காது கேளாத பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. மொழி வேரூன்றும் காலமோ முதல் ஐந்தாறு ஆண்டுகள்தான். இடம்பெயர்ந்திருந்த நாட்களில் கேட்கும் கருவியும் சைகை மொழியும் கிடைக்காமல் வளர்ந்த பிள்ளையைப் பலர் "புத்தி மந்தம்" என்று நினைத்துவிடுகிறார்கள். குறைவு புத்தியில் அல்ல. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு மொழி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கண் தெரியாத பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடும். விழுந்துவிடும் என்ற பயத்தில் ஒரு மூலையில் உட்கார வைப்பதால், கையால் தொட்டு அறிவதும் தானாக நடப்பதும்தான் பிந்திப்போகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வலுவிழப்பைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்ட முடியாது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 14 ஆக இருந்த மேல் வயதெல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. "இந்தப் பிள்ளைக்கு இங்கே இடமில்லை" என்று யாராவது வாயால் சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

எங்கே சேர்க்கலாம்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அருகிலுள்ள சாதாரண பாடசாலை. சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகும் அதற்கான ஆசிரியரும் உள்ளனர். எந்தப் பாடசாலையில் என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியிடம் கேட்டறியலாம்.

இரண்டாவது, கண்டி தங்கொல்லையில் உள்ள செங்கடகல விசேட பாடசாலை. தூரம் குறைவு என்பது நன்மை. ஆனால் எந்த மொழியில் கற்பிக்கிறார்கள், தமிழில் கற்பிக்க ஆசிரியர் உண்டா என்பதைச் சேர்க்கும் முன்னரே கேளுங்கள்.

மூன்றாவது, தமிழ்மொழியில் கற்பிக்கும் விடுதிப் பாடசாலை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் இத்தகைய பிள்ளைகளுக்கான முதல் பாடசாலையை 1912இல் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண் தொடங்கினார். இன்று அது இரத்மலானையில் இயங்குகிறது. தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே கற்பதற்காக 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை உருவானது. அலவத்துகொடையைக் கடந்து போகும் அதே ஏ-9 வீதியில்தான், யாழ்ப்பாண நகருக்குச் சற்று முன்னால், கைதடி இருக்கிறது.

பக்கத்தில் வேறு மொழியா, தொலைவில் சொந்த மொழியா என்பது எளிதான தெரிவு அல்ல. சிறு பிள்ளையை விடுதியில் விட எல்லாத் தாய்க்கும் மனம் வராது. முடிவெடுக்கும் முன் இரண்டு பாடசாலைகளையும் நேரில் போய்ப் பாருங்கள். விடுதியில் யார் பராமரிக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பிள்ளை வீட்டுக்கு வரலாம் என்பதையும் கேளுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

பிள்ளை சைகை மொழி கற்று வர, வீட்டில் யாருக்கும் அது தெரியாவிட்டால், விடுமுறை நாள் முழுவதும் அது தனியாகவே இருக்கும். தாய், தகப்பன், சகோதரர்கள், அப்பம்மா எல்லோரும் பழகுங்கள். சாப்பாடு, தண்ணீர், நித்திரை, வலி, பயம், எங்கே, யார் என்ற அன்றாடச் சொற்களில் தொடங்குங்கள். பாடசாலைக்குப் பாடசாலை சில சைகைகள் மாறும். எனவே பிள்ளையின் ஆசிரியர் காட்டும் சைகையையே வீட்டிலும் பயன்படுத்துங்கள்.

பிரெயில் எழுத்தும் கடினமல்ல. ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அடுக்கினால் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் வேண்டியதில்லை. மெய்யை எழுதி அடுத்து உயிரை எழுதினால் உயிர்மெய் வந்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் பிள்ளையோடு சேர்ந்து பழகலாம்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

• கண்டி தேசிய வைத்தியசாலையில் காது அல்லது கண் பரிசோதனைக்குப் பதியுங்கள். முன்பு கிளினிக்கில் தந்த கொப்பி, துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஓரளவு கேட்கும் அல்லது ஓரளவு தெரியும் பிள்ளைக்குக் கருவியோ கண்ணாடியோ பெரிதும் உதவலாம்.

• பிறப்புச் சான்றிதழ், பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடி வையுங்கள். பிறப்புப் பதிவு இல்லையென்றால், உத்தேச வயதுச் சான்றிதழ் பெறுவது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

• அதே செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாதாந்தக் கொடுப்பனவு, கேட்கும் கருவி, வெள்ளைப் பிரம்பு ஆகியவை பற்றிக் கேளுங்கள்.

• எல்லாக் கடிதங்களையும் நிழற்பிரதி எடுத்து ஒரே பையில் வையுங்கள்.

ஒரு பத்திரம் குறைகிறது என்பதற்காகப் பரிசோதனையைப் பிற்போட வேண்டாம். பத்திரத்தைப் பிறகும் எடுக்கலாம். பிள்ளையின் ஐந்து வயதை மறுபடி எடுக்க முடியாது.