க்ஷாரத்தில் உலோகங்கள்

ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் தீயின்றிச் சேர்த்து நீராக்கி, அச்சேர்க்கையில் பிறக்கும் சக்தியை நேரே மின்சாரமாகப் பெறலாம் என்பதை வில்லியம் குரோவ் 1839-ஆம் ஆண்டு வாக்கிலேயே காட்டிவிட்டார். ஆயினும் அவருடைய மின்வாய்கள் கந்தக அமிலத்தில் நின்ற பிளாட்டினமாதலால், விலையை எண்ணியவர்கள் அதனருகே அதிகம் செல்லவில்லை.

1932 முதல் இவ்விஷயத்தில் ஈடுபட்ட ஆங்கிலப் பொறியியலாளர் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன், அமிலத்தைக் கைவிட்டுப் பொட்டாஷ் க்ஷாரத்தை எடுத்துக்கொண்டார். அமிலத்தில் கரைந்துபோகும் நிக்கல், க்ஷாரத்தில் ஸ்திரமாக நிற்கும். கிரியா ஊக்கியான உலோகம் ஹைட்ரஜன் மூலக்கூறைத் தன்மேல் இருத்தி, இரண்டு அணுக்களாகப் பிரித்து, க்ஷாரத்திலுள்ள ஹைட்ராக்சில் அயனிகளோடு கூட்டி நீராக்கிவிட்டு, எலெக்ட்ரான்களை மட்டும் கம்பி வழியே அனுப்பிவைக்கிறது; கலியாணத் தரகனைப் போல, பிணைத்து வைத்தபின் தான் விலகிக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் மூலக்கூறு பிரியாது. இறுகினாலோ அணு விடுபடாது.

நிக்கல் இவ்வேலையில் சற்று மந்தமானதாகையால், பேக்கன் சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தையும் மிகுந்த அழுத்தத்தையும் துணைக்கழைத்தார். வாயுவும் திரவமும் உலோகமும் ஒருங்கே சந்திக்குமிடத்திலேதான் கிரியை நிகழுமாதலால், வாயுப் பக்கம் பெருந்துளைகளும் திரவப் பக்கம் நுண்துளைகளும் உடைய நிக்கல் தகடுகளை அவர் அமைத்ததை, என் மதிப்பில், அவருடைய மற்றெல்லா யுக்திகளுக்கும் மேலாக வைக்கலாம். பிராணவாயுப் பக்கத்தில் நிக்கல் மின்சாரம் கடத்தாத ஆக்ஸைடாக மாறிய தொல்லையை, லித்தியம் சேர்த்துக் கடத்தும் கரிய ஆக்ஸைடாக்கித் தீர்த்தார். 1959-இல் சுமார் 5 கிலோவாட் தந்த அவருடைய மின்கலத்தின் வழிவந்தவையே, அப்போலோ விண்கலங்களில் மின்சாரத்தோடு குடிநீரும் அளித்த மூன்று மின்கலங்கள். பின்னர் வந்த விண்வெளி ஓடத்திலோ, செலவைப் பாராமல், பிளாட்டினத்தோடு தங்கத்தையே பிராணவாயு மின்வாயில் பூசினார்கள்!

உஷ்ணத்தைக் குறைக்க விரும்பியவர்கள், நிக்கல்-அலுமினியக் கலவையிலிருந்து அலுமினியத்தைக் க்ஷாரத்தால் கரைத்தெடுத்தபின் எஞ்சும் ரேனி நிக்கலை ஹைட்ரஜன் பக்கத்திலும், வெள்ளியைப் பிராணவாயுப் பக்கத்திலும் பிரயோகித்தனர். க்ஷாரத்தில் வெள்ளி போன்ற உலோகமும் பிராணவாயுவைச் செவ்வனே ஏற்கிறது. ஆனால் அமிலத்தில் ஹைட்ரஜனை நொடியில் பிரித்துவிடும் பிளாட்டினமே, க்ஷாரத்தில் ஏறக்குறைய நூறு பங்கு மந்தமாகிவிடுகிறது. ருதீனியத்தைக் கலந்தால் வேகம் கூடுகிறது. ருதீனியம் ஹைட்ரஜன் மீதுள்ள பிடியைத் தளர்த்துவதே காரணம் என்பர் ஒரு சாரார்; அது ஹைட்ராக்சிலைத் தன்மேல் ஏற்று அருகே கொணர்வதே காரணம் என்பர் மற்றவர்.