கோதிக் எழுத்து: அழகும் பழியும்

அரபு எழுத்தணிக் கலையில் நூல்களை எழுத நஸ்க் வடிவமும், பள்ளிவாசல் சுவர்களிலும் நூல் முகப்புகளிலும் பொறிக்க ஸுலுஸ் வடிவமும் சிறப்பாகப் பயன்படுவதை அறிவோம். வாசிப்பதற்கு ஓர் எழுத்து, பார்வையை ஈர்ப்பதற்கு ஓர் எழுத்து என்னும் இப்பாகுபாடு ஐரோப்பிய அச்சுக்கலையிலும் உண்டு. அங்கு முகப்பெழுத்தாகப் பெயர்பெற்றவற்றுள் ஒன்று, கோதிக் எனப்படும் கரிய எழுத்தாகும்.

தொடக்கத்தில் இது வாசிப்பெழுத்தாகவே இருந்தது. 12ஆம் நூற்றாண்டு முதல் வட ஐரோப்பியப் படியெடுப்போர் அகன்ற முனையுள்ள இறகுப் பேனாவால் இதனை எழுதினர். நெருங்கி நிற்கும் செங்குத்துக் கோடுகளால் பக்கம் நெய்த துணிபோலத் தோன்றியமையால் இதன் ஒரு வகை 'டெக்ஸ்டூரா' எனப் பெயர்பெற்றது. 1455 அளவில் மெயின்ஸ் நகரில் கூட்டன்பர்க் விவிலியத்தை அச்சிட்டதும் இவ்வடிவத்தில்தான். உரோமானிய வடிவத்தை விரும்பிய இத்தாலிய அறிஞர்களோ இதனை நாகரிகமற்றோர் எழுத்தெனக் கருதினர். 'கோதிக்' என்பது அவ்விகழ்ச்சியிலிருந்து பிறந்த பெயரே.

16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் 'ஃபிராக்டூர்' என்னும் வகை வளர்ந்தது. வளைவுகள் ஒரே ஓட்டமாகச் செல்லாமல் முறிந்து கோணமாவதால், 'முறிந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாக இப்பெயர் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டில் விளம்பரத் தொழில் பெருகியபோது இதன் கோடுகளை மிகத் தடிப்பாக்கி 'ஃபெட்டெ ஃபிராக்டூர்' உருவாயிற்று. இதன் உள்வெளிகள் குறுகியவை. பெரிய எழுத்துகள் சுழிகள் நிறைந்தவை. ஆதலால் இரண்டொரு சொற்களுக்கு இது கம்பீரம் தரும். நீண்ட பத்திக்குக் கண் சோரும். ஒரு சொல் முழுவதையும் பெரிய எழுத்துகளில் அமைத்தாலோ வாசிப்பதே அரிதாகிவிடும்.

இவ்வெழுத்துக்கு நேர்ந்த பழி வியப்புக்குரியது. ஜெர்மானியத் தேசியத்தின் அடையாளமாகக் கொண்டாடப்பட்ட இதனை, 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் மார்ட்டின் போர்மன் விடுத்த சுற்றறிக்கை 'யூத எழுத்து' எனக் கூறி விலக்கியது. அக்கூற்றுக்கு வரலாற்று ஆதாரம் ஏதுமில்லை. அத்தாளின் தலைப்பில் கட்சியின் பெயரே கோதிக் எழுத்தில் அச்சாகியிருந்தது! ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் மக்கள் இதனை வாசிக்க இயலாமையே உண்மைக் காரணம் என ஆய்வாளர் பலர் கருதுவர். நாஜிகளே விலக்கிய எழுத்தைப் பிற்காலத்தில் பலர் நாஜிகளின் எழுத்தென வெறுத்தனர் என்பது மற்றொரு முரண்.

இன்று நியூயார்க் டைம்ஸ் இதழின் பெயர், பட்டச் சான்றிதழ்கள், உணவு விடுதிப் பலகைகள், இசைத்தட்டு உறைகள் ஆகியவற்றில் இது பழைமையின் மாண்பை உணர்த்துகிறது. ஜெர்மனியின் ஃபிராங்ஃபுர்ட்டர் அல்கெமைனெ நாளிதழ் 2007 வரை கருத்துரைகளுக்கு இவ்வடிவில் தலைப்பிட்டு வந்தது.

எழுத்து வடிவத்துக்கு இனமில்லை, பகையுமில்லை. ஏந்திய கைகளின் குற்றத்தை எழுத்தின் மீது சுமத்துவோர், அதில் எழுதப்பட்ட பல நூற்றாண்டு அறிவையும் தம் மக்களுக்கு அந்நியமாக்கிவிடுகின்றனர். கோதிக் எழுத்தை எளிதில் வாசிக்க இயலாத ஜெர்மானியத் தலைமுறைகளே இதற்குச் சான்று.