விரிசல் யாருடையது?

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்’ என்றனர் நம் முன்னோர். ‘கட்டிய வீட்டைத் திருத்திப் பார்’ என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுவதுண்டு. புதுவீடு கட்டுவோர்க்குச் செலவு மட்டுமே வரும். பழைய வீட்டைத் திருத்துவோர்க்கோ செலவோடு மனத்தாங்கலும் சில வேளைகளில் வழக்கும் வந்து சேர்கின்றன.

சென்னை கோபாலபுரத்தில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறி வருகின்றன. ஒரு வீட்டில் குளியலறைக்குப் புதுத் தரை. மற்றொரு வீட்டில் மாடிமீது இன்னோர் அறை. இது குறை கூறத்தக்கதன்று. பிள்ளைகள் வளர வளர, பெற்றோர் முதிர முதிர, வீடும் மாறத்தான் வேண்டும். ஆனால் அம்மாற்றத்தின்போது நேரும் சேதத்துக்குப் பொறுப்பாளி யார்? இக்கேள்வியை வேலை தொடங்குமுன் எவரும் கேட்பதில்லை. சுவர் விரிந்த பின்னரே கேட்கிறோம்.

நாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரண்டு பழைய வீடுகளுக்கு இடையே பொதுச்சுவர். ஒரு பக்கத்தில் அறையைப் பெரிதாக்கும் வேலை நடந்தது. மூன்றாம் நாள் மறுபக்கத்தில் வசிக்கும் கைம்பெண் ஒருவரின் படுக்கையறைச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை விரிசல் ஓடிற்று. அவர் வீட்டுக்காரரிடம் சென்றார். “மேஸ்திரியைக் கேளுங்கள், அம்மா” என்றார் அவர். “பழைய சுவர், எப்படியும் விரிந்திருக்கும்” என்றார் மேஸ்திரி. பின்னர் அவரே, கொத்தனார் கவனமின்றி உளி வைத்துவிட்டார் என்று சொல்லி, அந்த ஏழையின் மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மையார் நம்மிடம் வந்து, “சாமி, வேலை அவருடையது, பணம் அவருடையது; விரிசல் மட்டும் என்னுடையதா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை காணவே இக்கட்டுரை.

முதலில் விரிசலின் காரணத்தை அறிவோம். நம் நகரின் பழைய வீடுகள் பலவற்றின் கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. சுவர்மீது தேக்கு உத்திரங்களை வரிசையாக அமர்த்தி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக அடுக்கி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தித் தட்டோடு பதிப்பார்கள். இத்தகைய வீட்டில் பாரத்தைச் சுமப்பது தூண் அன்று, சுவரே. ஒரு சுவரில் கதவுக்கென வழி வெட்டினால் உத்திரம் அமர்ந்திருக்கும் இடமே தளர்கிறது. தகுந்த முட்டுக் கொடுக்காமல் இடித்தால், அதிர்ச்சி பொதுச்சுவர் வழியே அடுத்த வீட்டுக்கும் பரவுகிறது. ஆகவே ‘பழைய சுவர்’ என்பது தப்பிக்கும் வழியாகாது. சுவர் பழையது என்பதை வேலை தொடங்குமுன்பே அறிந்து, அதற்கேற்ற கவனம் எடுப்பதன்றோ கட்டுநரின் தொழில்!

சிறு விரிசலோடு போனால் பாக்கியம். 2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 17 பேர் மாண்டனர். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தூண்கள் சிதைக்கப்பட்டன என்பதே எழுந்த குற்றச்சாட்டு. 2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடி வீட்டில் தரையைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தளம் உடைந்து, கீழுள்ள தளங்களையும் உடைத்துக்கொண்டு விழுந்ததில் பெண்மணிகள் இருவர் உயிரிழந்தனர். பின்னர் ஆராய்ந்த தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள், கான்கிரீட்டில் இருந்த குளோரைடினால் உள்ளிருந்த கம்பிகள் துருப்பிடித்திருந்ததைக் கண்டனர். கட்டும்போது செய்த பிழை, திருத்தும்போது வெளிப்பட்டது. கோபாலபுரத்துக்கு அருகிலேயே, 2023 ஜனவரியில், அண்ணா சாலையில் பழைய கட்டடம் ஒன்றை இடிக்கையில் சுவர் சரிந்து, நடைபாதையில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். அந்தக் கட்டடத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? அவ்வழியே நடந்தார், அவ்வளவே.

சட்டம் என்ன சொல்கிறது? 1876-இல் இங்கிலாந்தில் பௌவர் எதிர் பீட் என்ற வழக்கு நடந்தது. தம் வீட்டை இடித்துக் கட்ட ஒருவர் ஒப்பந்தக்காரரை அமர்த்தினார். அண்டை வீட்டுக்குத் தாங்கல் கொடுப்பதாகவும் ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொண்டிருந்தார். ஆயினும் அண்டை வீடு சேதமுற்றது. ‘ஒப்பந்தக்காரர் பொறுப்பு’ என்று சொல்லி வீட்டுக்காரர் விலக முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆபத்து விளையக்கூடிய வேலையைச் செய்விப்பவர், ஆபத்தைத் தடுக்கும் கடமையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்க இயலாது என்பதே அதன் கருத்து.

வீட்டுக்காரருக்கும் கட்டுநருக்கும் இடையே எழும் வழக்கு வேறு. கூலி பெற்றுக் கட்டுவது நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவை என்பதை 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனவே வேலையில் குறையிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் இன்றியும் முறையிடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் ஐந்தாண்டுப் பொறுப்பு, கட்டி விற்கும் நிறுவனங்களுக்கே உரியது. நம் வீட்டில் நாம் செய்விக்கும் மராமத்துக்கு அது துணை வராது. இதைப் பலர் அறியார்.

சட்டத்துக்கும் முன்னே மனச்சாட்சி உண்டு. குழி தோண்டி மூடாமல் விட்டவன், அதில் பிறருடைய மாடு விழுந்து செத்தால் அதன் விலையைக் கொடுக்கவேண்டும் என்று யாத்திராகமம் விதிக்கிறது. ‘மாட்டைத் தள்ள வேண்டுமென்று எண்ணினாயா?’ என்று அங்கே கேட்கப்படவில்லை, ‘குழி யாருடையது?’ என்பதே கேள்வி. எண்ணம் நல்லதாயிருந்தும் விளைந்த கேட்டை ஈடு செய்வது நீதியின் கடமை. மேலும், அந்த ஈட்டை வீட்டுக்காரரும் மேஸ்திரியும் தட்டிக் கழித்து, கடைசியில் தினக்கூலி பெறும் கொத்தனாரின் தலையில் சுமத்துவது இன்னோர் அநீதி. முட்டுக் கொடுக்கச் சொல்லாதவர் அவரல்லரே!

ஆகவே வேலை தொடங்குமுன் சிலவற்றைச் செய்துகொள்வோம். முதலாவது, எந்தச் சுவர் பாரம் சுமக்கிறது என்பதைப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்வோம். இரண்டாவது, அண்டை வீட்டாரையும் அழைத்து, இரு பக்கத்துச் சுவர்களையும் தேதியுடன் படமெடுத்து வைப்போம். ஏற்கெனவே இருந்த விரிசல் எது, புதியது எது என்ற சச்சரவே எழாது. மூன்றாவது, செய்யும் வேலை, தவணைத் தொகை, சேதம் நேர்ந்தால் யார் எத்தனை நாளில் சரி செய்வது என்பவற்றை எழுதிக் கையெழுத்திடுவோம். நான்காவது, கூலித்தொகையில் ஒரு பகுதியை, ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்க இருவரும் முன்னரே உடன்படுவோம். இதனால் நல்ல கட்டுநருக்கு நட்டமில்லை. அவருடைய நற்பெயர்தான் நிலைபெறும்.

அந்த அம்மையாரின் சுவர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆறு வாரம் பேச்சுவார்த்தை நடந்தபின், மூவரும் ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தனர். பொருட்செலவை வீட்டுக்காரர் ஏற்றார். ஆள்கூலியை மேஸ்திரி ஏற்றார். கொத்தனாரின் மூன்று நாள் கூலியும் திரும்பக் கிடைத்தது. விரிசலை அடைத்தவரும் அதே கொத்தனார்தாம். வேலை முடிந்ததும் அம்மையார் அவருக்குக் காப்பி கொடுத்தார். சுவர் ஒன்றாயிற்று, அயலாரும் ஒன்றாயினர். ஆனால் முதல் நாளே எழுதி வைத்திருந்தால், அந்த ஆறு வாரமும் அந்த அம்மையார் விரிந்த சுவருக்கு அருகே உறக்கமின்றிப் படுத்திருக்க நேர்ந்திராதன்றோ!