பூட்டிய கடையும் பூட்ட முடியாத நினைவும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, பொய்த்தால் பயணம். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து அவ்வாறு கடல் கடந்தோரைத் தலைமுறைகளாக ஏற்ற நாடு பர்மா. ஐராவதிக் கழிமுக நெல்வயல்களிலும் இரங்கூன் துறைமுகத்திலும் கடைத்தெருக்களிலும் தமிழர் உழைத்தனர். கோயில்கள் எழுந்தன, சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள் எழுந்தன. அவ்வாழ்வு முடிந்த விதத்தை மாணவர் அறிதல் வேண்டும்.

1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். ‘சோசலிசத்துக்கான பர்மிய வழி’ அறிவிக்கப்பட்டது. பர்மியப் பொதுவுடைமைக் கட்சி அவ்வரசை எதிர்த்துப் போரிட்டது என்பது உண்மை. எனினும் ஒரே கட்சி, எல்லாம் அரசுடைமை என்னும் முறையே அங்கும் நிலைபெற்றது. 1963இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகள் அரசின் கைக்குச் சென்றன. அம்மாதமே பிற கட்சிகள் தடைசெய்யப்பட்டன. மே 17இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதனவாயின.

கடையை இழந்தவர் முறையிட வேண்டிய இடமும், கடையை எடுத்துக்கொண்ட இடமும் ஒன்றே. இதுவே அவ்வாட்சியின் கொடுமை.

பர்மியரின் மனக்குறையை நாம் மறைத்தல் நேர்மையன்று. கடனில் மூழ்கிய உழவரின் நிலங்கள் 1930களில் செட்டியார் வட்டிக்கடைகளுக்குக் கைமாறியிருந்தன. ஆயினும் பெருந்தனக்காரரையும் சில்லறை வணிகரையும் கூலியாளையும் ஒரே தராசில் நிறுத்தியது நீதியாகுமா?

வெளியேறுவோர் நகையும் பணமும் கொண்டுசெல்லக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. 1963 முதல் தமிழகம் வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 1,44,000 பேர். சென்னையின் பர்மா பஜாரும், பல ஊர்களின் பர்மா காலனிகளும் அவர்தம் உழைப்பின் சான்றுகள். சிலர் பிறந்த மண்ணைத் தேடி மணிப்பூர் வழியே மீளச் சென்றனர். எல்லையில் தடுக்கப்பட்டு மோரே என்னும் ஊரிலேயே தங்கினர். ஒரு காலத்தில் உலகுக்கு அரிசி ஏற்றுமதி செய்வதில் முதலிடம் பெற்ற பர்மாவோ, 1987இல் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகளின் வரிசையில் சேர்ந்தது. சமத்துவம் சொல்லி எடுத்தவை ஏழையின் வீட்டையும் சேரவில்லை.

அன்று இருபது வயதினராய்க் கப்பலேறியோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். மாணவர்களே! உங்கள் தெருவில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பின் அவர் அருகே அமருங்கள், கேட்டு எழுதுங்கள். பெரியோரே! தயங்காது சொல்லுங்கள். எந்த அரசாலும் பறிமுதல் செய்ய இயலாத நினைவை, நம் மறதியால் நாமே இழந்துவிடலாகாது.