பொருநல் தீர்த்தமும் ஆழ்வார் திருவவதாரமும்

கலியுகத்தில் நாராயண பக்தர்கள் பிற தேசங்களில் ஆங்காங்கே சிலராகவும், த்ராவிட தேசத்தில் மிகுதியாகவும் தோன்றுவர் என்று ஸ்ரீபாகவதம் பதினோராம் ஸ்கந்தம் ஐந்தாம் அத்யாயம் கூறுகிறது. அத்தேசத்துக்கு அடையாளமாக அது எடுக்கும் ஐந்து நதிகளுள் முதலாவது தாம்ரபர்ணி. ஆழ்வார் திருவாக்கில் பொருநல். அந்நதிக்கரைகளில் அவதரித்த ஆழ்வார்களைக் கருதியே இவ்வாறு அருளிச்செய்யப்பட்டது என்பது பெரியோர் நிர்வாஹம். பொருநல் கரையில் திருக்குருகூரில் நம்மாழ்வாரும், திருக்கோளூரில் மதுரகவிகளும் அவதரித்தனர்.

இங்கு ஒரு சங்கை எழும். அவதார ஸ்தலத்தைக் காட்டுவது மட்டுமே கருத்தாகில், அந்நதிகளின் நீரைப் பருகுவோர் பெரும்பாலும் நிர்மலமான உள்ளத்தராய் வாஸுதேவ பக்தராவர் என்று அடுத்துச் சொல்வானேன்? கரையோடு நில்லாமல் நீரையும் எடுத்தமையால், நதி வெறும் எல்லைக்குறி அன்று என்பது தேறும். ஆகவே அந்நீர் வரும் வழியை அறிவதும் அர்த்த விசாரத்தில் அடங்கும்.

பொதிகையில் தோன்றும் பொருநல் ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. 1,000 மீட்டருக்கும் மேலான மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து முதலிய மலைப்பகுதிகள், தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழைகளையும் பெறுகின்றன. சோலைக்காடுகள் அம்மழையைத் தேக்கிச் சிறிது சிறிதாக விடுகின்றன. அந்நீர் மணிமுத்தாறாக இறங்கி, 1958-இல் கட்டப்பட்ட அணையைக் கடந்து பொருநலில் கலக்கிறது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டத்தில் உள்ளது. அதனை ஒட்டிய நிலமே நவதிருப்பதி.

திருவாய்மொழி ஆறாம் பத்து ஐந்தாம் திருவாய்மொழியில், தொலைவில்லிமங்கலம் பொருநலின் வடகரையில் உள்ளது என்று ஆழ்வார் அருளுகிறார். இரட்டைத் திருப்பதி இன்றும் வடகரையிலேயே விளங்குகிறது. ஸ்ரீவைகுண்டம், வரகுணமங்கை, திருப்புளிங்குடி, பெருங்குளம் ஆகியவையும் அக்கரையின. திருக்குருகூர், திருக்கோளூர், தென்திருப்பேரை ஆகியவை தென்கரையின. இரு கரை எம்பெருமான்களும் வைகாசி உத்ஸவத்தில் கருட ஸேவையாகத் திருக்குருகூரில் ஒன்றுகூடி ஆழ்வாரைக் கடாக்ஷிக்கின்றனர்.

நீருக்கும் ஆழ்வாருக்கும் உள்ள ஸம்பந்தத்தை ஓர் ஐதிஹ்யமும் காட்டும். மதுரகவிகள் தாம்ரபர்ணித் தீர்த்தத்தைக் காய்ச்ச, முதலில் பவிஷ்யதாசார்யரான எம்பெருமானாரின் திருமேனியும், மீண்டும் காய்ச்ச ஆழ்வார் திருமேனியும் வெளிப்பட்டன என்பர். ஆழ்வாரையும் உடையவரையும் அர்ச்சையாகத் தந்த தீர்த்தத்தை வெறும் ஜலம் என்று கருதலாகாது.

இன்று அதே ஆற்றில் நகரங்களின் கழிவுநீர் கலக்கிறது. நீரைப் பருகுவதற்கு ஸ்ரீபாகவதம் சொன்ன பலன், பருகத்தக்க நீர் இருந்தாலன்றோ ஸித்திக்கும்? திருமஞ்சனத்துக்கு எழுந்தருளும் குடத்து நீரில் ஆசாரம் காப்பவர்கள், அக்குடம் நிறையும் துறையையும், அத்துறைக்கு நீர் வரும் மாஞ்சோலைக் காட்டையும் காக்கக் கடமைப்பட்டவர்கள். அதுவும் ஆழ்வார் திருவடிகளில் செய்யும் கைங்கர்யமே.