நமக்கு வந்த மாரியோ எந்த ஊர் மாரியோ?

தொண்ணூறுகளில் குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கத்து வீடுகளுக்கு வீடியோ கேம் இரண்டு வழியாக வந்தது. துபாய்க்கும் சவுதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் லீவில் வரும்போது, திருவனந்தபுரத்தில் இறங்கிய அட்டைப்பெட்டிக்குள் பிள்ளைகளுக்கென்று ஒன்று வரும். இல்லாவிட்டால் நாகர்கோவில் கடையில் வாங்க வேண்டும். எந்த வழியில் வந்தாலும் சாமான் பெரும்பாலும் ஒரே இனம்தான்: நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற ஜப்பானியக் கருவியைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் செய்த நகல். மைக்ரோ ஜீனியஸ் என்றோ மீடியா என்றோ மேலே ஒரு பெயர் இருக்கும். அதில் செருகுகிற கேசட் உள்ளங்கையில் அடங்கும். மஞ்சள், கறுப்பு, நீலம் என்று நிறம் மாறும். அதற்குள் இருந்த மாரியோவும் கான்ட்ராவும் உலகம் முழுக்க ஒன்றேதான் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். அது சரியல்ல. அந்தக் கேசட்டுகள் ஊருக்கு ஊர் மாறின. நமக்கு வந்தது ஜப்பானியப் பதிப்பும் அல்ல, அமெரிக்கப் பதிப்பும் அல்ல, ஐரோப்பியப் பதிப்பும் அல்ல. அது தனியான ஒரு பதிப்பு. ‘திருட்டு நகல்’ என்ற ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிட்டால், நம் வீடுகளுக்குள் கணினி விளையாட்டு எப்படி நுழைந்தது என்ற வரலாறே விடுபட்டுப் போகும்.

பதிப்புகள் எப்படிப் பிரிந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஃபேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் கேசட்டுக்கு 60 முனைகள்; கருவியில் பூட்டு ஏதும் கிடையாது. 1985இல் அதே கருவி உருமாறி, நெஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே கேசட் பெரிதானது, முனைகள் 72 ஆயின, அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்க ஒரு பூட்டுச் சிப்பும் சேர்ந்தது. ஐரோப்பாவுக்கு வேறு பூட்டு. வடிவம் பிரிந்ததோடு நிற்காமல் உள்ளே இருந்த விளையாட்டும் பிரிந்தது. கான்ட்ரா இதற்கு நல்ல சாட்சி. 1988இல் வந்த ஜப்பானியக் கேசட்டில் முதல் கட்டத்துக் காட்டில் மரங்கள் காற்றில் ஆடும், பனிக் கட்டத்தில் பனி விழும், ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒரு வரைபடம் வரும். அமெரிக்கக் கேசட்டில் மரம் அசையாது, பனி விழாது, வரைபடமும் கிடையாது. ஜப்பானில் கொனாமி நிறுவனம் தன் சொந்தச் சிப்பைக் கேசட்டுக்குள் வைத்திருந்தது, அமெரிக்காவில் வைக்கவில்லை என்பதுதான் காரணம். ஐரோப்பாவில் இன்னொரு மாற்றம். மனிதர் மனிதரைச் சுடும் விளையாட்டுகளை ஜெர்மனி கடுமையாகப் பார்த்ததால், கான்ட்ராவின் நாயகர்களான பில்லும் லான்சும் அங்கே இயந்திர மனிதர்களாகி, விளையாட்டின் பெயரும் ‘புரோபோடெக்டர்’ ஆனது. ஆக, கான்ட்ரா கேசட் ஒன்று கையில் கிடைத்தால் எழுத்தைப் படிக்கவே வேண்டாம். முதல் அரை நிமிடம் திரையைப் பார்த்தால் அது எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடலாம்.

இந்த மூன்று வட்டாரங்களுக்கும் வெளியேதான் நம் வீடுகளில் பெரும்பாலானவை இருந்தன. முறையாக வந்தவற்றின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. சேகா நிறுவனத்தின் கருவிகளை இங்கே விற்க ஷா வாலஸ் நிறுவனம் 1995இல் ஒப்பந்தம் போட்டது. அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம், கருவியின் விலை 18,000 ரூபாய். நடுத்தரக் குடும்பம் அந்தப் பணத்தில் கலர் டிவி வாங்கத்தான் யோசிக்கும். அந்த இடைவெளியில் நகல் பெட்டிகள் நுழைந்தன. பூட்டில்லாத, 60 முனை கொண்ட ஜப்பானிய வடிவத்தைத்தான் அவை எடுத்துக்கொண்டன. ஆனால் ஓட வேண்டியதோ நம் வீட்டு டிவியில். 1982இல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது இந்தியா ஏற்றது ஐரோப்பாவின் பேல் முறையை. அதில் நொடிக்கு 50 முறை திரை வரையப்படும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60 முறை. ஜப்பானிய உடம்பு, ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ எழுதிய நிரல், ஐரோப்பிய முறைத் திரை என்று இம்மூன்றும் நம் வீட்டு டிவியில் ஒன்றுசேர்ந்தன. அந்த மூன்று பதிப்புகளில் எதிலும் இல்லாத சேர்க்கை இது.

இந்தச் சேர்க்கை விளையாட்டை என்ன செய்தது என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. அந்தக் காலத்து விளையாட்டு நிரல் தன் கணக்கை டிவித் திரையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும். திரை ஒருமுறை வரையப்பட்டால் மாரியோ ஓர் அடி நகர்வார், பாட்டு ஒரு துளி நகரும். திரை 60க்குப் பதில் 50 முறைதான் வரையப்பட்டால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். மாரியோ திரையின் மேல் மூலையில் 400இல் தொடங்கிக் குறையும் நேர எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 24 முறை திரை வரையப்பட்டால் ஓர் எண் குறையும். ஜப்பானியச் சிறுவனுக்கு அந்த 400 என்பது சுமார் 160 நொடி. 50 முறைத் திரையில் அதே நிரல் ஓடினால் 192 நொடி. அரை நிமிடம் கூடுதல்! ஆமை வருவதைப் பார்த்துக் குதிக்கவும் அதே விகிதத்தில் அவகாசம் கூடும். ஐரோப்பாவிலும் 50தான் என்றாலும், அங்கே விற்ற மாரியோவில் நேரக் கணக்கையும் மாரியோவின் வேகத்தையும் நிண்டெண்டோவே திருத்தி எழுதியது. நகல் கேசட்டில் யாரும் திருத்தவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற அதே நிரல் அப்படியே வந்து மெதுவாக ஓடியது.

இசையைக் கேட்டால் வேறுபாடு இன்னும் துல்லியமாகத் தெரியும். ஜப்பானிய, அமெரிக்கக் கருவியின் மையச் சிப் நொடிக்கு சுமார் 17.9 லட்சம் துடிப்பில் இயங்கும். ஐரோப்பிய நெஸ் 16.6 லட்சத்தில். துடிப்பு குறைந்தால் சுருதியும் இறங்கும் என்பதால், திருத்தாத பாட்டு ஒன்று ஐரோப்பியக் கருவியில் அரை சுரத்துக்கு மேல் கீழே கேட்கும். தைவானின் யு.எம்.சி நிறுவனம் பேல் நாடுகளின் நகல் பெட்டிகளுக்காகச் செய்த சிப்புகளோ 17.7 லட்சத்தில் ஓடின. திரை 50 என்றாலும் சிப்பின் வேகமும் திரையில் ஒவ்வொரு கோடும் வரையப்படும் நேரமும் ஜப்பானிய விகிதத்திலேயே இருக்கும்படி அமைத்திருந்தார்கள். அதனால்தான் எந்தத் திருத்தமும் இல்லாத ஜப்பானியக் கேசட் அதில் படம் சிதறாமல் ஓடியது. விளைவு என்னவென்றால், நாம் கேட்ட மாரியோ பாட்டின் சுருதி ஏறத்தாழ ஜப்பானுடையது, தாளம் மட்டும் மந்தமானது. போதாததற்கு, சில நகல் சிப்புகளில் இரண்டு ஒலி வகைகள் இடம் மாறிக் கிடந்ததால் ஒலியின் நயமும் மாறியது. இந்தப் பாட்டை டோக்கியோவிலும் கேட்டிருக்க முடியாது, நியூயார்க்கிலும் லண்டனிலும் கேட்டிருக்க முடியாது. பிழையில் பிறந்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ‘அதே விளையாட்டுத்தானே’ என்று சொல்ல முடியாது.

என்னென்ன விளையாட்டுகள் வந்தன என்பதும் கவனிக்க வேண்டியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் டேங்க் கேம் என்று ஆடிய ‘பேட்டில் சிட்டி’யை நாம்கோ 1985இல் ஜப்பானுக்கு மட்டுமே வெளியிட்டது. சிங்கத்தின் மேலேறித் தீ வளையத்துக்குள் பாயும் ‘சர்க்கஸ் சார்லி’, இரண்டு பென்குவின்களை ஒரே நேரத்தில் நகர்த்தும் ‘பைனரி லேண்ட்’, ‘நட்ஸ் அண்ட் மில்க்’, ‘எஃப்1 ரேஸ்’ எல்லாம் அதே கதைதான். இவை எதுவும் அமெரிக்காவில் நெஸ் கேசட்டாக வரவே இல்லை. அங்கே சேகரிப்பாளர்கள் பிற்காலத்தில் தேடிக் கண்டுபிடித்த விளையாட்டுகளை இங்கே பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சர்வசாதாரணமாக ஆடினார்கள். காரணம் ரசனையல்ல, அளவு. பேட்டில் சிட்டி 24 கிலோபைட், மாரியோ 40 கிலோபைட். தொடக்ககால ஜப்பானிய விளையாட்டுகள் சிறியவை, துணைச் சிப் எதுவும் கேட்காதவை. ஒரே கேசட்டுக்குள் பத்து இருபதை அடைத்துவிடலாம். அமெரிக்காவில் 1990இல் வந்த ‘காஸில்வேனியா 3’ மட்டும் 384 கிலோபைட், சிறப்புச் சிப் வேறு. அத்தகைய பெரிய விளையாட்டுகளை மொத்தமாக அடைக்கும் கேசட்டில் போட்டால் கட்டுப்படியாகாது. இப்படி, நகல் செய்தவரின் செலவுக் கணக்கு நம் தலைமுறையின் ரசனையைத் தீர்மானித்துவிட்டது.

ஒரு கேசட்டைத் திறந்து பார்ப்போம். ஓடு பெரும்பாலும் திருகாணிகூட இல்லாமல் கொக்கியில் நிற்கும். உள்ளே ஓட்டில் பாதி அளவே உள்ள பச்சைப் பலகை, அதன் அடி ஓரத்தில் பக்கத்துக்கு 30 முனைகள். அசல் கேசட்டில் கால் முளைத்த கறுப்புச் சிப்புகள் எண்ணோடும் நிறுவனப் பெயரோடும் உட்கார்ந்திருக்கும். நகலில் அந்த இடத்தில் பிசின் ஊற்றிக் காய்ந்த கறுப்புச் சொட்டு ஒன்றுதான் இருக்கும். யார் செய்தது, எப்போது செய்தது என்று அதில் ஒன்றும் எழுதியிருக்காது. மேலே ஒட்டிய படமோ உள்ளே இல்லாத விளையாட்டைக் காட்டும். டிவியில் போட்டால் ‘9999999’ விளையாட்டு என்று பட்டியல் வரும். கொஞ்சம் கீழே நகர்த்தினால் அதே மாரியோ வேறு பெயரில், வேறு கட்டத்தில் தொடங்கும்படி வந்து நிற்கும். தலைப்புத் திரையில் அசல் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அழிக்கப்பட்டிருக்கும். இதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்த மாற்றம். பட்டியலை எழுதியவரும், அதன் பின்னால் ஓடும் பாட்டைத் தேர்ந்தெடுத்தவரும், விளையாட்டின் நடுவே நுழையும் வழியைக் கண்டுபிடித்தவரும் பெயரில்லாமலே போய்விட்டார்கள்.

திருட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உருவாக்கியவர்களுக்கு ஒரு காசு போகவில்லை; அது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்று நடந்தது என்று பதிவு செய்வது அதைச் சரி என்று ஒப்புக்கொள்வதாகாது. அனுமதியில்லாமல் அச்சான நூற்பதிப்புகளையும் நூலடைவு செய்பவர்கள் பட்டியலில் சேர்க்கத்தான் செய்கிறார்கள், ‘அனுமதியற்றது’ என்ற குறிப்போடு. வாசகர் கைக்கு எது போனதோ அதுதான் வாசிப்பின் வரலாறு. நிண்டெண்டோவின் விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து எழுதினால், தொண்ணூறுகளின் இந்தியாவில் மாரியோவை அநேகமாக யாரும் ஆடவில்லை என்றே முடிவுக்கு வர நேரும். குமரி மாவட்டத்தில் இன்று நாற்பது வயதில் இருக்கும் யாரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு மறுப்பு: எல்லாமே இணையத்தில் கிடைக்கிறதே, இனி எதைப் பாதுகாக்க? கிடைப்பது பெரும்பாலும் ஜப்பானிய, அமெரிக்க, ஐரோப்பிய அசல்கள். அவற்றைக் கணினியில் ஓட்டினால் 60 முறைத் திரையில் விறுவிறுவென்று ஓடும். சின்ன வயதில் ஆடியதைவிட இது வேகமாக இருக்கிறதே என்று ஒருவருக்குத் தோன்றினால், வயதாகிக் கை தளர்ந்துவிட்டது என்று அவர் நினைக்க வேண்டாம். வேகம் உண்மையாகவே வேறு. இதைச் சரிசெய்யும் வழியும் இருக்கிறது. எஃப்சியுஎக்ஸ், மெசென் போன்ற மென்பொருள்களில் நகல் பெட்டியின் நேரக் கணக்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்தத் தேர்வின் பெயர் ‘டெண்டி’. ரஷ்யாவில் ஸ்டீப்ளர் நிறுவனம் 1992இல் விற்கத் தொடங்கிய நகல் பெட்டி அது. நெஸ் விளையாட்டுக் கோப்புகளுக்கான தர வடிவத்திலும் ஜப்பான்–அமெரிக்கா, ஐரோப்பா, எல்லா வட்டாரத்துக்கும் பொது என்பவற்றுக்கு அடுத்து நாலாவது நேர முறையாக டெண்டி இடம் பிடித்திருக்கிறது. ரஷ்யர்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள், சிப் எண்களைக் குறித்தார்கள், கேசட்டுகளைப் பட்டியலிட்டார்கள். போலந்துக்காரர்களும் தங்கள் பெகாசஸ் பெட்டியை விடவில்லை. இதே வகைப் பெட்டியும் இதே 50 முறைத் திரையும் இங்கேயும் வீடு வீடாக இருந்தன. நம் பங்குக்கு யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் உலகப் பதிவில் நாம் இல்லை.

கழிவு என்று ஒதுக்கியதைக் கூர்ந்து பார்ப்பதன் பலன் மணவாளக்குறிச்சிக்குத் தெரியாததல்ல. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலைச் சோதித்துத்தான் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கயிறு வாங்கியவருக்கு அந்த மணல் உதறித் தள்ள வேண்டிய தூசி. இன்றும் இங்கே இயங்கும் மணல் ஆலையின் வரலாறு அந்தத் தூசியிலிருந்து தொடங்குகிறது. கேசட்டில் மோனசைட்டுக்கு இணையான விலை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்தச் சாமான் எந்த வழியாக எந்தக் கரைக்கு வந்தது என்பதற்கு, சரக்கோடு ஒட்டிவந்த அழுக்கும் சான்றாகும் என்பதுதான் பொருத்தம்.

இதற்குப் பெரிய நிறுவனமோ நிதியோ வேண்டியதில்லை. கேசட்டின் இரு புறமும், ஓட்டைத் திறந்தால் உள்ளே பலகையின் இரு புறமும் படம் எடுத்துக்கொள்ளலாம். பெட்டி இன்னும் ஓடினால் தலைப்புத் திரையையும் பட்டியல் முழுவதையும் கைப்பேசியில் பதிவு செய்யலாம். பாட்டின் ஒலி தெளிவாக இருக்கட்டும். கான்ட்ரா இருந்தால் முதல் கட்டத்தில் மரம் ஆடுகிறதா என்று பாருங்கள். எங்கே வாங்கியது, எந்த ஆண்டு, என்ன விலை, வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் எந்த ஊரிலிருந்து யார் கொண்டுவந்தது என்பதை வீட்டில் பெரியவர்களின் நினைவில் இருக்கும்போதே கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் முனையை அரிக்கும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பழைய சாமான்களோடு சேர்த்து ஆக்கர் கடைக்குப் போடுவதற்கு முன் இவ்வளவையும் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கேசட் இருந்தால், இந்த வாரமே செய்யுங்கள்.